என்ஜிசி 1399 மங்கலாகத் தெரிவது கண்ணாடிக் கோளாறா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் மொட்டை மாடியிலிருந்து ஆறு இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்பில் என்ஜிசி 1399 கேலக்ஸியைப் பார்த்தால் வெறும் புகைத்திட்டுதான் தெரிகிறது, டெலஸ்கோப் கண்ணாடியில் பூஞ்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள்! அது நீள்வட்ட கேலக்ஸி, அதற்குச் சுருள் கைகளே கிடையாது. நடுவில் கொஞ்சம் பிரகாசம், ஓரம் போகப்போகக் கரைந்துவிடும். சுமார் 6 கோடி ஒளியாண்டு தள்ளி இருப்பது இவ்வளவு தெரிவதே பெரிசு.

சந்தேகம் தீர, டெலஸ்கோப்பைத் தொடாமல் ஒரு நிமிஷம் விட்டுவிடுங்கள். நட்சத்திரங்களோடு சேர்ந்து திட்டும் நகர்ந்தால் அது வானத்துச் சரக்கு. நின்ற இடத்திலேயே நின்றால் அழுக்கு. பக்கத்திலேயே, முழுநிலா அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, என்ஜிசி 1404 என்ற இன்னொரு கேலக்ஸி இன்னும் சின்னத் திட்டாக இருக்கும். நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் தேடுங்கள்.

தெற்கே மாஞ்சோலை மலை மறைக்காது. நம்ம ஊரில் என்ஜிசி 1399 உச்சத்தில் அடிவானத்திலிருந்து 45 டிகிரிக்கு மேல் வரும் (டெல்லிக்காரர்களுக்கு 26 தான், பாவம்). நவம்பரில் நள்ளிரவுக்கு உச்சம், ஆனால் மழை விடாது. ஜனவரி அமாவாசையை ஒட்டி எட்டு மணி வாக்கில் பாருங்கள். அப்புறம், பனி இறங்கும். ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) அடிக்கடி மூடி வையுங்கள்.