ஹார்டு டிஸ்க்கில் ஒரே பாட்டு நாலு இடத்தில் கிடக்கிறது. டூப்ளிகேட் எதையும் நம்பி நீக்க முடியவில்லை. என்ன வழி?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: பழைய லேப்டாப், இரண்டு ஹார்டு டிஸ்க், போன் என்று சிதறிக் கிடந்த பாட்டுகளையெல்லாம் ஒரே டிஸ்க்கில் கொட்டியிருக்கிறார். டூப்ளிகேட் தேடும் மென்பொருளை ஓட்டினால் பாதி அகப்படவில்லை, அகப்பட்டதிலும் சிலது டூப்ளிகேட்டே இல்லை. காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் மும்பையில் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் ஆபீஸ் போகிறவன். வண்டியில் நெட் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் பாட்டெல்லாம் இன்னும் போனில் ஃபைலாகத்தான் இருக்கிறது. ஷஃபிளில் போட்டால் குர்லாவில் கேட்ட பாட்டே செவ்ரி தாண்டும்போது திரும்ப வரும் எரிச்சல் எனக்கும் பழக்கம். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருடைய டிஸ்க்கையும் சுத்தம் செய்து கொடுத்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், இந்த மென்பொருள்கள் எதை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பாலானவை ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் ஒப்பிடும், அல்லது எம்டி5 மாதிரி ஒரு ஹேஷ் (ஃபைலின் உள்ளடக்கம் முழுவதையும் வைத்துப் போடும் ஒரு சுருக்கக் குறியீடு) கணக்கிட்டு அதை ஒப்பிடும். சிக்கல் என்னவென்றால், எம்பி3 ஃபைலில் பாட்டு மட்டும் இல்லை. பாடகர், படம், ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் ஐடி3 டேக் என்ற விவரக் குறிப்பாக அதே ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்தோ இறக்கிய பாட்டின் தலைப்பில் அந்தத் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு பிரதியில் மட்டும் அதை நீக்கியிருப்பீர்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், ஹேஷோ முழுசாக மாறிவிடும். மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடும். ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) ஃபைல் வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டம். அந்த வடிவத்தில் ஒலிப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு எம்டி5 ஃபைலின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். டேகை எவ்வளவு மாற்றினாலும் அது மாறாது.

பெயரை வைத்துத் தேடலாமே என்றால், தமிழ்ப் பாட்டுக்கு அது இன்னும் மோசம். ஒரே இசையமைப்பாளரின் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். பழைய ஐடி3 முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். நம் பாட்டுகளின் முதல் வரியை ஆங்கிலத்தில் எழுதினால் அது எந்த மூலைக்கு? பாதியில் அறுந்த தலைப்பு ஒரு பிரதியில், முழுத் தலைப்பு இன்னொன்றில்.

சரி, தமிழிலேயே பெயர் வைத்தால்? அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை இரண்டாகப் பிரித்துத்தான் சேமித்தது. ஆக அந்த மேக்கிலிருந்து ஒரு தடவை, விண்டோஸிலிருந்து ஒரு தடவை என்று ஒரே டிஸ்க்கில் கொட்டினால், அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வைரஸ் என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வைரஸ் இல்லை, வெறும் கொம்பும் காலும்.

மூன்றாவது வழி, ஒலியையே ஒப்பிடுவது. குரோமாபிரிண்ட் என்று ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமாகப் பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டு அதன் ஸ்வர அமைப்பிலிருந்து ஒரு கைரேகை எடுக்கும். 128 கேபிபிஎஸ், 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு), டேக் உள்ளது, டேக் இல்லாதது, வாட்ஸாப்பில் வந்து ஏயுடி என்று ஆரம்பிக்கும் பெயரோடு கிடப்பது, எல்லாம் ஏறக்குறைய ஒரே கைரேகையில் வந்து சேரும். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது இணையத்தில் உள்ள தரவுத்தளத்தில் தேடிப் பெயர் சொல்வது. தமிழ்ப் பாட்டு எல்லாம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் டிஸ்க்குக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒப்பிட ச்காஃப்கா என்ற மென்பொருள் போதும். வாயில் நுழையாத போலந்துப் பெயர். தேடும்போது சி, இசட், கே, ஏ, டபிள்யூ, கே, ஏ என்று எழுத்துக்கூட்டித் தட்டுங்கள்.

கைரேகையும் கடைசித் தீர்ப்பு இல்லை. முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் பார்ப்பதால், இறக்கும்போது மூன்றாவது நிமிடத்தில் அறுந்துபோன ஃபைலையும் முழு ஃபைலையும் அது ஜோடி சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. நீக்கும் முன் நீளத்தைப் பாருங்கள்.

கச்சேரிப் பதிவுகள் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்காதீர்கள். மாட்டுங்காவில் என் பெரியப்பாவிடம் கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகள் நிறைய உண்டு. அவர் டிஸ்க்கை நான் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது மென்பொருள் டேகை வைத்து இரண்டு ஃபைலை ஜோடியாகக் காட்டியது. ஒரே பாடகர், ஒரே கீர்த்தனை, நீளம் கிட்டத்தட்ட ஒன்று. பெரியப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “ஏண்டா, இது ரெண்டும் ஒண்ணுன்னு யார் சொன்னா? மேல இருக்கறது சண்முகானந்தா ஹால்ல பாடினது. நிரவல் எடுக்கற இடத்தைக் கேளு. கீழ இருக்கறதுல வயலினே வேற ஆள்.”

கொஞ்ச நேரத்தில் நேர்மாறாக ஒன்று. மென்பொருள் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிட்ட இரண்டு தோடி ராகப் பதிவுகளைக் காட்டி, “இது ரெண்டும் ஒரே கேசட்” என்றார். ஒன்று அரை ஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியே ஒலித்தது, நீளமும் குறைவு. எனக்கு நம்பிக்கையில்லை. “ஆலாபனை ஆரம்பிக்கறச்சே ஒருத்தர் இருமறார் பார். அதே இருமல் இதுலயும் இருக்கு” என்றார். போட்டுப் பார்த்தோம், இருந்தது. வேறு வேறு கேசட் டெக்கில் மாற்றியதால் ஓட்ட வேகம் கொஞ்சம் மாறி, அதோடு ஸ்ருதியும் மாறியிருக்கிறது. வேகமும் ஸ்ருதியும் மாறினால் குரோமாபிரிண்ட் கோட்டை விட்டுவிடும். இருமலைப் பிடிக்கும் மென்பொருள் இன்னும் வரவில்லை.

அதனால் கச்சேரிக்கு ஆல்பம் என்ற இடத்தில் இடமும் ஆண்டும் போடுங்கள், கம்போசர் என்ற இடத்தில் வாக்கேயக்காரர், கமெண்டில் பக்கவாத்தியமும் ராகமும். பிறகு எது எது என்ற குழப்பம் வராது. சினிமாவிலும் கவனம் வேண்டும்: ஆண் குரல், பெண் குரல், சோக வடிவம் என்று ஒரே தலைப்பில் மூன்று இருக்கும். பழைய பாட்டின் மேல் ஜங்கார் பீட்ஸ் என்று கூடுதல் தாளம் ஏற்றிய பிரதி வேறு. (அதை டூப்ளிகேட்டாக இல்லாவிட்டாலும் நீக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.)

ஜோடியில் எதை வைத்துக்கொள்வது? ‘பெரிய ஃபைலை வைத்துக்கொள்’ என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். நாலு நிமிடப் பாட்டு 128-ல் 4 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு, 320-ல் 9.6 எம்பி. யாரோ ஒரு புண்ணியவான் 128-ஐ எடுத்து 320 ஆக மாற்றி ஏற்றியிருந்தால் சைஸ்தான் ஏறியிருக்கும், போன ஒலி திரும்பி வராது. ஒலியில் எந்தெந்த அலைவரிசை இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டும் ஸ்பெக் என்ற சின்ன இலவச மென்பொருளில் ஃபைலைப் போட்டுப் பாருங்கள். அலைவரிசைப் படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினது போல நேர்கோட்டில் முடிந்தால், அது பெரும்பாலும் 128-லிருந்து ஊதிப் பெருக்கியது. நேர்கோடாக முடியாமல் மெல்ல மங்கினால் சந்தேகப்பட வேண்டாம். பழைய இசைத்தட்டு, கேசட் பதிவுகளில் மேல் அலைவரிசை இயல்பாகவே இருக்காது.

வேலையைச் செய்யும் வரிசை முக்கியம். எதையும் தொடுவதற்கு முன் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். அப்புறம் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகும் ஃபைல்களை நீக்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கூட்டத்தில் பெரும்பகுதி இங்கேயே குறையும். டூப்குரு என்ற டூப்ளிகேட் தேடும் மென்பொருளில் ஒரு ஃபோல்டரை ரெஃபரன்ஸ் என்று குறித்துவிட்டால் அதிலிருந்து எதையும் நீக்காது. உங்கள் ஒழுங்கான ஃபோல்டரை அப்படிக் குறியுங்கள். அடுத்து டேகைச் சரிசெய்யுங்கள். கடைசியாகத்தான் கைரேகை. அதில் அகப்பட்டதை அழிக்க வேண்டாம், தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். சில மாதம் யாரும் தேடவில்லை என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் செய்தும் அடுத்த தீபாவளிக்குள் டூப்ளிகேட் திரும்ப வந்துவிடும். ஏனென்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதை இன்னும் தொடவே இல்லை. நான் பார்த்த டிஸ்க்குகள் அத்தனையிலும் காரணம் ஒன்றுதான்: ‘மெலடி’, ‘கார்’, ‘அப்பாவுக்கு’, ‘மழை’ என்று ஃபோல்டர் போட்டு அதில் பாட்டைக் காப்பி செய்வது. ஒரு பாட்டு மெலடியாகவும் இருக்கும், மழையாகவும் இருக்கும், அப்பாவுக்கும் பிடிக்கும். அங்கேயே நாலு பிரதி ஆகிவிட்டது. ஃபோல்டர் என்பது பாட்டு குடியிருக்கும் விலாசம், அது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். படத்தின் பெயரும் ஆண்டும் போதும் (ஒரே பெயரில் இரண்டு படம் வந்திருக்கும், அதனால் ஆண்டு கட்டாயம்). மெலடியும் மழையும் பிளேலிஸ்டில் இருக்கட்டும். எம்3யு என்ற வகை பிளேலிஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், பாட்டு எங்கே இருக்கிறது என்ற வரிகள்தான் உள்ளே இருக்கும். ஆயிரம் பாட்டுக்கு லிஸ்ட் போட்டாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். சேமிக்கும்போது டிரைவ் எழுத்தோடு முழு விலாசம் போகாமல், லிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்து பார்த்த விலாசமாகப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கை வேறு கணினியில் செருகும்போது லிஸ்ட் காலியாகத் தெரியும்.

ஐடியூன்ஸ் அல்லது மேக்கின் மியூசிக் ஆப் வைத்திருந்தால் இன்னொன்று. நூலகத்தில் சேர்க்கும் ஃபைலைத் தன் மீடியா ஃபோல்டருக்கு நகல் எடுக்கும் ஒரு அமைப்பு அதில் உண்டு. அது ஆனில் இருந்தால், நீங்கள் இழுத்துப் போடும் ஒவ்வொரு பாட்டும் டிஸ்க்கில் இரண்டாகும். ஒன்று அதை அணைத்துவிடுங்கள், அல்லது அதையே உங்கள் ஒரே நூலகமாக ஏற்றுக்கொண்டு வெளியே இருக்கும் பிரதிகளை நீக்குங்கள். இரண்டுங்கெட்டானாக வைக்காதீர்கள்.

புதிதாக வரும் பாட்டுக்கு ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர். பெயர், ஆண்டு, டேக் எல்லாம் அங்கேயே சரிபார்த்து, ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிய பிறகுதான் உள்ளே. போனுக்குப் பாட்டு கணினியிலிருந்து மட்டும் போகட்டும். போனிலிருந்து மொத்தமாகத் திருப்பி எடுக்கும் பழக்கம் இருந்தால், போன தடவை அனுப்பியதே திரும்பி வந்து நிற்கும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, மேலே சொன்ன டூப்குரு, பிக்கார்ட், ச்காஃப்கா, ஸ்பெக் எல்லாமே இலவசம். அந்தக் காசில், கணினிச் சாமான் கடைகள் நிறைந்த மும்பை லாமிங்டன் ரோட்டில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள். பேரம் பேசினாலும் பில் கேட்டு வாங்குங்கள், வாரண்டிக்கு அது வேண்டும்.