எந்தத் தோட்டா உங்கள் குழலுக்கு ஒத்துவரும்?

கேள்வி: அண்ணாச்சி, வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். .22 ரைபிளில் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துக்கொண்டு) சுடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் தாங்களே மருந்தை அளந்து போட்டுத் தோட்டா செய்து, ரேஞ்சில் சுட்டு, எது ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறது என்று பார்ப்பதை வீடியோவில் பார்த்தேன். நானும் செய்யலாமா? கிளப்பில் மூன்று வகைத் தோட்டா இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டதில் குரூப் (மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம்) 14, 19, 21 மி.மீ. வந்தது. 14 வந்ததையே வாங்கிவிடவா?

பதில்: முதல் கேள்வி சுலபம், செய்ய முடியாது. .22 தோட்டா ரிம்ஃபயர். பற்றவைக்கும் மருந்து அதன் அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்கின கூட்டை வீட்டில் மறுபடி நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. பற்றவைக்கும் மருந்து அடியின் நடுவில் இருக்கிற சென்டர்ஃபயர் ரைபிளாக இருந்தாலும், 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. அவர்கள் மருந்தின் அளவை மாற்றித் தேடுவதை நாம் லாட்டை (கம்பெனியில் ஒரே தடவையில் செய்த தொகுதியை) மாற்றித் தேடுகிறோம், அவ்வளவுதான். ரேஞ்சில் சோதிக்கிற முறை இரண்டுக்கும் ஒன்றே.

சரி, அந்த 14 மி.மீ. அதை நம்பிப் பணம் போடாதீர்கள். சராசரியாக 18 மி.மீ. குரூப் தருகிற ஒரே பெட்டியிலிருந்து ஐந்தைந்தாகச் சுட்டுக்கொண்டே போனால், ஒரு குரூப் 13 வரும், அடுத்தது 23 வரும். தோட்டாவில் ஒரு மாற்றமும் இருக்காது. ஐந்து ஓட்டையில் மிகத் தள்ளி விழுந்த இரண்டை மட்டும் அளக்கிறோம். மற்ற மூன்றும் கணக்கிலேயே வருவதில்லை. எண்ணிக்கை கூடக்கூட குரூப்பும் விரியும். ஐந்து சுட்டு 18 வருகிற தோட்டா, மூன்று சுட்டால் 14 அளவிலும் பத்து சுட்டால் 22 அளவிலும் காட்டும். மூன்று ஓட்டை ஒட்டி விழுந்த அட்டையைப் படம் பிடித்துக் காட்டுகிறவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

லாட்டுக்குக் குறைந்தது 20 சுடுங்கள், 40 என்றால் நல்லது. அப்புறம் ஓரத்து இரண்டு ஓட்டைகளை மட்டும் அளப்பதை விட்டுவிட்டு, எல்லா ஓட்டைகளுக்கும் நடுவான புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து சராசரி எடுங்கள். எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தை அதுவே எண்ணாகக் கொடுத்துவிடும். காகித டார்கெட்டில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியதுதான். பொறுமை வேண்டும், ஆனால் எல்லாக் குண்டும் கணக்கில் வந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது மெழுகை. .22 குண்டின் மேல் விரலில் பிசுபிசுக்கும் ஒரு பூச்சு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. தோட்டாவை மாற்றியதும் குழலுக்குள் பழைய மெழுகுதான் ஒட்டியிருக்கும். புதுசு படிய முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள். குழலைச் சுத்தம் செய்த பிறகும் இதேதான். நீங்கள் வகைக்கு ஐந்து சுட்டபோது இரண்டாவது வகையும் மூன்றாவது வகையும் முந்தைய தோட்டாவின் மெழுகிலேயே ஓடியிருக்கும். முன்னங்கட்டைக்கு மணல் பை கொடுங்கள், குழல் எதிலும் படக்கூடாது. ஸ்லிங் (ரைபிளைக் கையோடு இறுக்கும் பட்டை) போட்டுச் சுட்டால் தோட்டாவோடு சேர்த்து உங்கள் மூச்சையும் சோதித்த கதையாகிவிடும். முதலில் சுட்ட லாட்டைக் கடைசியிலும் ஒரு முறை சுடுங்கள். கை சோர்ந்ததா தோட்டா மோசமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இனி காற்று. வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டுவைத்திருக்கிறார்கள்? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றில் தோட்டா சோதனையே வேண்டாம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகக் குறுக்குக் காற்று போதும், 50 மீட்டரில் மேட்ச் (போட்டிக்கான) குண்டை சுமார் 5 மி.மீ. தள்ளிவிடும். டார்கெட்டில் பத்துப் புள்ளி வளையத்தின் முழு விட்டமே 10.4 மி.மீ.தான். நொடிக்கு 4 மீட்டர் காற்றானால் நடுவைக் குறிவைத்தது எட்டுப் புள்ளி வளையத்தில் போய் விழும். தை, மாசியில் காற்று கிளம்புமுன் விடியலிலேயே ரேஞ்சுக்குப் போய்விடுங்கள். தோட்டாப் பெட்டியை வெயிலிலோ கார் டிக்கியிலோ வைக்காதீர்கள்.

ஓட்டைகள் எந்தப் பக்கம் பரவியிருக்கின்றன என்றும் பாருங்கள். பக்கவாட்டில் நீண்டிருந்தால் பெரும்பாலும் காற்று, அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் தோட்டாவின் வேகம் ஒன்றுபோல் இல்லை என்று சந்தேகப்படலாம். நொடிக்கு 325 மீட்டரில் போக வேண்டிய குண்டு 10 மீட்டர் மெதுவாகப் போனால், 50 மீட்டரில் 7, 8 மி.மீ. கீழே இறங்கும். அப்படிப்பட்ட லாட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

இரண்டு லாட்டின் சராசரிக்கு இடையே அரை மி.மீ.தான் வித்தியாசம் என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தேறியதின் லாட் எண் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். கிளப்பில் அந்த எண்ணைச் சொல்லி, உங்கள் லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குள் ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள். அதே பெயர், அதே நிறப் பெட்டி, எண் மட்டும் வேறு என்றால், திரும்ப முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.