‘நியாயமான ராயல்டி’ என்றால் எத்தனை பைசா?

வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒத்துப்போக வகுக்கும் பொது விதிகள்தான் (4ஜி போல) தொழில்நுட்பத் தரநிலைகள். அவற்றுக்குள் புகுந்திருக்கும் காப்புரிமைகள் பற்றியும், அதில் அரசு எடுக்கும் நிலை பற்றியும் வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: செல்போனிலிருந்தே பம்புசெட்டை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் செய்கிறோம். மாதம் 400 போகும். செல் இணைப்பைத் தரும் 2ஜி மாட்யூலை விட்டு 4ஜிக்கு மாறிய பிறகு, கருவி ஒன்றுக்கு இவ்வளவு ராயல்டி கட்டு என்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மாட்யூலைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? மறுபடி எதற்குக் கட்ட வேண்டும்? (கோவை வாசகர்)

பதில்: நீங்கள் மாட்யூலுக்குக் கொடுத்த காசில் ராயல்டியும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது. காப்புரிமைக்காரர் மாட்யூலுக்குள் இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனிக்கே உரிமம் கொடுத்திருந்தால், அந்தச் சிப்பை வாங்கியவரிடம் மறுபடி கை நீட்ட முடியாது. ஆனால் செல்போன் துறையின் பெரிய உரிமையாளர்கள் பலர் சிப்பை விட்டுவிட்டு, முழுக் கருவியை விற்பவரிடம்தான் வருவார்கள். காரணம் எளிது: சிப்பின் விலை சில நூறு, கருவியின் விலை பல ஆயிரம். மாட்யூல் விற்றவரின் விற்பனை நிபந்தனைகளை எடுத்து, காப்புரிமை வழக்கு வந்தால் இழப்பை யார் ஏற்பது என்ற பத்தியைப் படியுங்கள். தரநிலை சார்ந்த காப்புரிமைகள் நீங்கலாக என்று ஒரு வரி அங்கே ஒளிந்திருப்பது வழக்கம். அந்த வரி இல்லையென்றால் கடிதத்தின் நகலை அவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். சின்னக் கம்பெனிகள் செய்யும் பெரிய தப்பு இதுதான். ஒரு வருடம் பதிலே போடாமல் இருந்தால், ‘உரிமம் வாங்க மனமில்லாதவர்’ என்று எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் சொல்லும். 2023 மார்ச்சில் இன்டெக்ஸ் - எரிக்சன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நேர்மையாகப் பேச்சு நடத்தும் கடமை காப்புரிமைக்காரருக்கு மட்டுமல்ல, தரநிலையைப் பயன்படுத்துபவருக்கும் உண்டு என்றது. அதே ஆண்டு ஜூலையில் நோக்கியா - ஓப்போ வழக்கில், விசாரணை முடியும் முன்பே ஓப்போவைப் பணம் டெபாசிட் செய்ய வைத்தது.

நிதானமாக எழுதுங்கள்: ‘உரிமம் பற்றிப் பேசத் தயார், முதலில் விவரம் தாருங்கள்.’ கேட்க வேண்டியவை: இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளின் எண்கள், ஒவ்வொன்றும் தரநிலை ஆவணத்தின் எந்தப் பத்தியோடு பொருந்துகிறது என்ற ஒப்பீட்டு அட்டவணை, தரநிலையை வகுத்த அமைப்பிடம் ‘நியாயமான விதிகளில் உரிமம் தருவோம்’ என்று அவர்கள் கொடுத்த உறுதிமொழியின் நகல், கேட்கும் தொகைக்கான கணக்கு. அமெரிக்கக் காப்புரிமை எண்ணை நீட்டினால், இந்தியாவில் செய்து இந்தியாவிலேயே விற்கும் உங்களுக்கு அது பொருந்தாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி.

எண் கிடைத்ததும் காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தளத்தில் போட்டுப் பாருங்கள், கட்டணம் இல்லை. புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானவை பட்டியலில் கலந்திருக்கும். ஆயுள் 20 ஆண்டு. பன்னாட்டு விண்ணப்பம் வழியாக வந்தது என்றால், சென்னை கிண்டிக்கு வந்த தேதியை விட்டுவிட்டுப் பன்னாட்டு விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். 4ஜியின் முதல் பதிப்பு 2008 டிசம்பரில் முடிவானது. அதற்கு முன்பே போட்ட விண்ணப்பங்கள் இப்போது ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், காப்புரிமைகள் காலாவதியாக ஆகக் கட்டணமும் குறைய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பிறகு, அந்தக் காப்புரிமை உங்கள் கருவியைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டருக்கு வழக்கமாகப் போடுவது கேட்-1 வகை மாட்யூல். இறக்கத்துக்கு நொடிக்கு 10 மெகாபிட், ஏற்றத்துக்கு 5. பல அலைவரிசைகளை ஒன்றுசேர்த்து வேகம் கூட்டும் வித்தை அதில் கிடையாது. அது 4ஜியில் பின்னால், பத்தாம் பதிப்பில் வந்தது. அதற்கான காப்புரிமைகளை அடித்துவிடலாம். எஸ்எம்எஸ்ஸும் டேட்டாவும் மட்டும்தான், வாய்ஸ் கால் இல்லை என்றால் குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக் காப்புரிமைகளும் போயின. உறுதிமொழிப் பட்டியலில் இருப்பதாலேயே ஒரு காப்புரிமை ‘இன்றியமையாதது’, அதாவது அதைத் தொடாமல் 4ஜி கருவியே செய்ய முடியாதது, ஆகிவிடாது. அப்படி அறிவித்தவர் உரிமையாளரே. யாரும் சரிபார்த்துச் சேர்ப்பதில்லை.

இனி விலை. 2024 மார்ச்சில் லாவா - எரிக்சன் தீர்ப்பில் டெல்லி உயர் நீதிமன்றம் எட்டில் ஏழு காப்புரிமைகள் செல்லும் என்று சொல்லி, ஒன்றை ரத்து செய்து, போனின் நிகர விற்பனை விலையில் 1.05 சதவீதம் என்று கணக்கிட்டு, சுமார் 244 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்தச் சதவீதத்தை ஸ்டார்ட்டருக்கு அப்படியே கொண்டுவர விடாதீர்கள். போன் என்றால் பேசுவதும் டேட்டாவும்தான் பிழைப்பு. ஸ்டார்ட்டரின் விலை கான்டாக்டரிலும் ரிலேயிலும் தகரப் பெட்டியிலும் இருக்கிறது. ஸ்டார்ட்டர் 9,000 ரூபாய், மாட்யூல் 700 என்று வைத்துக்கொள்வோம். முழு விலையில் 1 சதவீதம் என்றால் 90 ரூபாய், மாட்யூல் விலையில் என்றால் 7. மாதம் 400 கருவிக்கு ஒன்று 36,000, மற்றது 2,800. சதவீதத்தைக் குறைப்பதை விட, எதன் மேல் சதவீதம் என்பதில்தான் பிடிவாதம் வேண்டும். முடிந்தால் கருவிக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான தொகையாகக் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் காப்புரிமைச் சட்டத்தின் 140ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள். வேண்டாத காப்புரிமைகளையும் சேர்த்துக் கட்டாயமாகத் தலையில் கட்டுவது, காப்புரிமை செல்லாது என்று வழக்குப் போடக்கூடாது எனத் தடுப்பது, நீங்கள் செய்யும் மேம்பாட்டைத் தங்களுக்கு மட்டுமே தரச் சொல்வது ஆகிய நிபந்தனைகள் அதன்படி செல்லாதவை. பழைய விற்பனைக்கும் கேட்டால், நஷ்ட ஈட்டுக்கான காலவரம்பு மூன்று ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: எந்தக் கடிதத்திலும் ‘உங்கள் காப்புரிமைகள் 4ஜிக்கு இன்றியமையாதவைதான், விலைதான் அதிகம்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் பின்னாளில் ஒப்புதல் வாக்குமூலமாகத் திரும்பி வரும்.

கேள்வி: ‘நியாயமான, பாரபட்சமற்ற விதிகளில் உரிமம் தருவோம்’ என்று தரநிலை அமைப்பிடம் உறுதி கொடுக்கிறார்களே, அதில் விலை இருக்காதா? (திருச்சி மாணவி)

பதில்: இருக்காது. ஐடியு, ஐஎஸ்ஓ, ஐஇசி ஆகிய மூன்று பன்னாட்டுத் தரநிலை அமைப்புகளும் 2007 முதல் ஒரே படிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் மூன்று கட்டங்கள்: இலவசமாகத் தருகிறேன், நியாயமான, பாரபட்சமற்ற விதிகளில் தருகிறேன், தர மாட்டேன். மூன்றாவதில் டிக் அடித்தால், அந்தக் காப்புரிமையைத் தொடாதபடி தரநிலையை மாற்றி எழுத வேண்டும். இரண்டாவதில் டிக் அடித்தால் பேரம் இரு தரப்பின் பாடு, எங்கள் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று கொள்கையே சொல்லிவிடுகிறது.

அதனால் ‘நியாயம்’ எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் மோட்டோரோலா, வீடியோவைச் சுருக்கும் எச்.264 தரநிலையின் காப்புரிமைகளுக்காக மைக்ரோசாஃப்டிடம் பொருளின் விலையில் 2.25 சதவீதம் கேட்டது. 2013இல் சியாட்டில் நீதிமன்றம் நிர்ணயித்தது, பொருள் ஒன்றுக்கு 0.555 சென்ட். ஒரு சென்ட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல்!

கேள்வி: அரசுத் துறை ஒன்றுக்கு வீடியோ பதிவு மென்பொருள் தர டெண்டர் போடுகிறோம். ‘ஓப்பன் ஸ்டாண்டர்டு’ வேண்டும் என்கிறார்கள். எச்.264 போடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: டெண்டர் எதை ‘ஓப்பன்’ என்கிறது என்று முதலில் பாருங்கள். மத்திய அரசு 2010 நவம்பரில் வெளியிட்ட மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கை, ஆவணம் கிடைத்தால் போதும் என்று விடவில்லை. தரநிலையைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமைகள், அந்தத் தரநிலையின் ஆயுள் முழுக்க ராயல்டி இல்லாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்திய மொழிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

எச்.264இன் ஆவணத்தை ஐடியு தளத்தில் யாரும் இலவசமாக இறக்கலாம். ஆனால் காப்புரிமை இலவசமில்லை. பல உரிமையாளர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் தரும் கூட்டு உரிமத்தில் ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 50 லட்சம் வரை ஒன்றுக்கு 20 சென்ட், பிறகு 10 சென்ட் என்று விதி. உங்கள் விற்பனை லட்சத்தைத் தொடாவிட்டால் கைக்காசு போகாது. ஆனாலும் ‘ராயல்டி இல்லாத தரநிலை’ என்று டெண்டரில் கையெழுத்துப் போட்டால் அது பொய். தகுந்த இலவசத் தரநிலை இல்லாத இடத்தில் நியாயமான ராயல்டி உள்ளதையும் ஏற்கலாம் என்ற தளர்வு கொள்கையிலேயே உண்டு. டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தளர்வு இல்லை என்றால், ராயல்டி இல்லாத உரிமத்தோடு வரும் விபி9, ஏவி1 என்ற வீடியோ முறைகள் பக்கம் போகலாம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: அரசு தான் வாங்கும்போது ‘ராயல்டி கூடாது’ என்கிறது. நீங்கள் நான் வாங்கும் போனில் வரும்போது ‘நியாயமாக இருந்தால் சரி’ என்கிறது.

கேள்வி: அரசே சட்டமாகப் போடும் தரநிலையில் ஒருவர் காப்புரிமையை ஒளித்து வைத்தால்? (மதுரை வாசகர்)

பதில்: கலிஃபோர்னியாவில் நடந்தது. காற்று மாசைக் குறைக்க அந்த மாநிலத்தின் காற்று வளத்துறை பெட்ரோலின் கலவைக்குப் புது விதி வகுத்தது. யூனோகால் எண்ணெய் நிறுவனம் தன் ஆய்வு முடிவுகளைத் துறைக்குக் கொடுத்தது. அதே ஆய்வின் மேல் 1990 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்ததைச் சொல்லவில்லை. 1991இல் விதி வந்தது. மற்ற நிறுவனங்கள் பெரும் பணம் போட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளை மாற்றின. 1994இல் காப்புரிமை கிடைத்தது. 1997இல் ஜூரி, அந்த நிறுவனங்கள் யூனோகாலுக்கு கேலனுக்கு 5.75 சென்ட் கொடுக்க வேண்டும் என்றது. விதிப்படி பெட்ரோல் செய்தால் காப்புரிமையில் மாட்டும். செய்யாவிட்டால் அந்த மாநிலத்தில் விற்கவே முடியாது. 2003இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2005இல் செவ்ரான் யூனோகாலை வாங்கியபோது, அந்தக் காப்புரிமைகளை வசூலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே விவகாரம் முடிந்தது.

கேள்வி: அநியாய ராயல்டி என்றால் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போகலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: ஒரு காலத்தில் போனார்கள். மைக்ரோமேக்ஸ் புகாரின் பேரில் 2013 நவம்பரில் ஆணையம் எரிக்சனை விசாரிக்க உத்தரவிட்டது. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அது சரி என்றார். 2023 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, இது காப்புரிமைச் சட்டத்தின் களம் என்று மாற்றியது. ஆணையத்தின் மேல்முறையீட்டை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆக, நடைமுறையில் இப்போது அந்தக் கதவை நம்பிப் புண்ணியமில்லை. காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டு கழிந்திருந்தால் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி கட்டாய உரிமம் (உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் கிடைப்பது) கேட்கலாம். 64ஆம் பிரிவின்படி ரத்து கேட்கலாம். ரத்து மனுவை விசாரித்துவந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. இப்போது உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு இருக்கிறது. தொழில்துறை அமைச்சகம் 2016 மார்ச்சில் தரநிலைக் காப்புரிமைகள் பற்றி ஒரு விவாத அறிக்கை போட்டது. அதிலிருந்து தனிச் சட்டம் எதுவும் பிறக்கவில்லை.

கேள்வி: 5ஜிஐ என்று நாமே தரநிலை செய்தோமே, இனி 5ஜிக்கு ராயல்டி கட்ட வேண்டாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: கட்டத்தான் வேண்டும். சென்னை ஐஐடியும் அதன் வளாகத்தைச் சேர்ந்த செவிட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப ஆய்வு மையமும் ஹைதராபாத் ஐஐடியும் முன்னின்று உழைத்த அந்தத் தரநிலை, நம் கிராமங்களுக்காக, கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் 6 கிலோமீட்டர் இடைவெளி இருந்தாலும் சிக்னல் எட்ட வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது. இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ வழியாகப் போய் 2021 தொடக்கத்தில் ஐடியுவின் ஒப்புதலும் பெற்றது. ஆனால் தனி வழியில் போனால் போனும் கோபுரக் கருவியும் விலை கூடும் என்று செல்போன் நிறுவனங்கள் தயங்கின. 2021 டிசம்பரில் உலகத் தரநிலையின் 17ஆம் பதிப்போடு இணைத்துவிட முடிவானது. அதன்பிறகு 5ஜிஐயின் உத்தி, ஆயிரக்கணக்கான காப்புரிமைகளுக்கு நடுவே ஒன்று. அதன் உரிமையாளர்களும் மற்றவர்களைப் போல, மேலே சொன்ன படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்து ராயல்டி கேட்கலாம், அல்லது கொடுக்க வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். காப்புரிமை கையில் இல்லாத போன் கம்பெனிக்கு, அது இந்தியக் கம்பெனியே ஆனாலும், பட்டியலில் இன்னொரு பெயர் கூடுகிறது.