மகள் லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கலாமா? பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. காரைக்குடியில் வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும், பேட்டரித் துறையில் வேலைக்குப் போக நினைக்கும் மகள், வேலை, தொழில் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கப் போகிறேன் என்கிறாள். முகம் தெரியாதவர்களிடம் போய் ஒரு பெண் பிள்ளை வேலை கேட்பதா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது ஒன்று. சென்னையில் உங்கள் தம்பி இருக்கிறார், சிங்கப்பூரில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதல் கவலையில் பாதி தானே குறையும்.

சொந்தபந்தம் மூலம் வேலை கிடைப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மாமாவுக்கு உங்கள் மகளைத் தெரியும், அவள் செய்யும் வேலையைத் தெரியாது. ஆய்வகத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "நல்ல பிள்ளை, கெட்டிக்காரி" என்பதைத் தாண்டி அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. பேட்டரி கம்பெனியில் ஆள் எடுப்பவருக்கு அது போதாது. அவள் எந்தக் கருவியில் கை பழகியிருக்கிறாள், எதைத் தனியாகச் செய்து முடிப்பாள் என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

நம் பக்கத்து நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன காலத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகப் போனவன் உதவியாளரான அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாக உயர்ந்தது உறவுக்காரன் என்பதால் மட்டும் இல்லை. கிட்டங்கி என்ற ஒரே நீண்ட கூடத்தில் பல விலாசத்தார், அதாவது பல கடைக்காரர்கள், பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பையன் பேரேடு எழுதும் லட்சணம், கணக்கு முடிக்கும் வேகம், பணத்தைக் கையாளும் நாணயம் எல்லாம் பக்கத்துப் பெட்டிக்காரர் கண்ணிலும் படும். லிங்க்ட்இன்னை நான் அந்தக் கிட்டங்கியாகத்தான் பார்க்கிறேன். மகள் செய்யும் வேலை, அதே தொழிலில் இருப்பவர்கள் கண்ணில் படுகிற இடம் அது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55 சதவீதத்துக்கு மேல். காரணம் எளிது. தினமும் பேசுகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். புதுச் செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன்னிலேயே சுமார் 2 கோடிப் பேரை 5 ஆண்டு காலத்துக்கு எடுத்துப் பார்த்தது. அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்களும் இல்லை, முற்றிலும் அந்நியரும் இல்லை. இருவருக்கும் பொதுவான சிலரைத் தெரிந்த, இடைப்பட்ட தூரத்தில் இருந்தவர்கள். கணினி அதிகம் புழங்காத தொழில்களில் நெருங்கிய உறவுகளே கூடுதலாக உதவின என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் மாமாவை ஒதுக்கச் சொல்லவில்லை. அவரிடம் கடைசியில் வருகிறேன்.

இனி உங்கள் முதல் கவலை. இது கல்யாண வீட்டுப் படமும் கோவில் படமும் போடுகிற இடம் இல்லை. அங்கே படிப்பு, வேலை பற்றிய பேச்சுதான் நடக்கும். படம் கட்டாயம் இல்லை. ஆனால் படம் இருந்தால் நிஜமான ஆள் என்ற நம்பிக்கை வரும். கல்லூரி அடையாள அட்டையில் இருப்பது போல முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று போதும். அதை யார் யார் பார்க்கலாம் என்று அமைப்பில் கட்டுப்படுத்தவும் முடியும். கைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் போட வேண்டாம், ஊர் பெயர் போதும். வேலையைத் தவிர வேறு பேச்சை யாராவது எடுத்தால் பதில் சொல்லாமல் பிளாக் செய்யட்டும், கூடவே புகாரும் கொடுக்கட்டும். இதில் கூச்சமோ மரியாதையோ பார்க்கத் தேவையில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அம்மா வாயால் கேட்டால் அந்தத் துணிச்சல் வரும்.

கணக்கு திறந்ததும் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும். பெரும்பாலான பிள்ளைகள் அதில் இன்ன கல்லூரி மாணவி என்று மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள். அந்த வரிக்கு 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. உங்கள் மகள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இப்படி எழுதலாம்: "வேதியியல் முதுகலை இறுதியாண்டு, லித்தியம் அயனி பேட்டரிக்கான எலக்ட்ரோடு பொருள்கள், சைக்ளிக் வோல்டாமெட்ரி, எக்ஸ்ஆர்டி பழக்கம் உண்டு." சைக்ளிக் வோல்டாமெட்ரி ஒரு மின்வேதியியல் சோதனை, எக்ஸ்ஆர்டி எக்ஸ் கதிரால் பொருளின் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை. பேட்டரித் துறையில் ஆள் தேடுகிறவர்கள் இந்தச் சோதனைகளின் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள். கடின உழைப்பாளி, புதியதைக் கற்கும் ஆர்வம் உள்ளவர் என்றெல்லாம் எழுதினால் யார் தேடலிலும் அவள் வர மாட்டாள். செய்யாததை மட்டும் எழுதக் கூடாது. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து, யாரோடு இணைவது. கணக்கில் 500க்கு மேல் தொடர்புகள் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் எண்ணிக்கையைக் காட்டாமல் "500+" என்று வரும். அதைக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டுப் பிள்ளைகள் கண்ணில் பட்டவருக்கெல்லாம் அழைப்பு அனுப்புகிறார்கள். பெயர் தெரியாத 500 பேரால் ஒரு காசு பயன் இல்லை. ஒரு சொல் எழுதினால் திரும்ப ஒரு சொல் எழுதுகிற 30 பேர் இருந்தால் அதுதான் சொத்து.

அந்த 30 பேர் காரைக்குடியிலேயே தொடங்குகிறார்கள். மகளின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி உண்டு. எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, சென்னை, பெங்களூரு என்று போட்டுப் பார்க்கட்டும். அதேபோல மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்கட்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. பேட்டரி, மின்முலாம், துருத் தடுப்பு என்று இந்தத் துறையில் நாடெங்கும் வேலை பார்ப்பவர்களில் அங்கே படித்தவர்கள், ஆய்வு செய்தவர்கள் பலர். மின்வேதியியல் படிக்கிற ஒரு பிள்ளைக்குச் சொந்த ஊரிலேயே இப்படி ஒரு நிறுவனம் இருப்பது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. எனக்கு அதில் நிஜமான ஆதங்கம் உண்டு. காரைக்குடி செக்காலையில் டீ குடித்திருக்கிறேன், இதே ரயில் நிலையத்தில் இறங்கியிருக்கிறேன் என்று சொல்லக்கூடிய ஒருவர் ஓசூரில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் உங்கள் மகளுக்கு முழு அந்நியர் இல்லை.

எழுதும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வழக்கமாகப் போகிற செய்தி இது: "ஹாய் சார், ஐயாம் லுக்கிங் ஃபார் ஜாப், எனி வேகன்சி ப்ளீஸ் ஹெல்ப் மீ சார்." இதைப் படிப்பவர் என்ன செய்வார்? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியாது, அவர் கையில் வேலையும் இல்லை. சங்கடப்பட்டு மூடிவைத்துவிடுவார். மனிதர் கெட்டவர் இல்லை, பதில் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதிலாக மகள் இந்தப் பொருள் வரும்படி எழுதட்டும்: "வணக்கம். நீங்கள் படித்த அதே துறையில் இப்போது இறுதியாண்டு படிக்கிறேன். செல் டெஸ்டிங் வேலைக்கு வர ஆசை. சைக்ளிக் வோல்டாமெட்ரி செய்திருக்கிறேன், இம்பீடன்ஸ் இன்னும் கற்கவில்லை. அதை முதலில் கற்பது சரியா?" இவ்வளவுதான். செல் டெஸ்டிங் என்பது பேட்டரி செல்லைச் சோதிக்கும் வேலை, இம்பீடன்ஸ் அதன் மின்தடையை அளக்கும் ஒரு சோதனை. கட்டணம் இல்லாத கணக்கில் அழைப்போடு சேர்த்து எழுதச் சுமார் 200 எழுத்துதான் கிடைக்கும், அதுவும் மாதத்துக்குச் சிலருக்கு மட்டுமே. ஆகவே சுருக்கி எழுதிப் பழகட்டும். அழைப்பை ஏற்றுக்கொண்ட பிறகு விவரமாகக் கேட்கலாம். இதற்காகப் பணம் கட்டிப் பிரீமியம் வாங்க இப்போது அவசியமே இல்லை. ஆங்கிலம் சுமார்தான் என்று மகள் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினால் போதும். நன்றாக வேலை தெரிந்தவர்கள் எழுதுவதும் அப்படித்தான். அந்தப் பக்கம் இருப்பவர் நம் ஊர்க்காரர் என்றால் தமிழிலேயே எழுதினாலும் தப்பில்லை.

பதில் வந்த பிறகு என்ன செய்கிறாள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நன்றி சொன்னதோடு விட்டுவிடக் கூடாது. அவர் இம்பீடன்ஸ் கற்றுக்கொள் என்றாரா, ரிசர்ச் ஸ்காலர் ஒருவர் பக்கத்தில் இருந்து கற்று, ஒரு மாதம் கழித்து "நீங்கள் சொன்னபடி கற்றேன், இந்த இடத்தில் மட்டும் வரைபடம் சரியாக வரவில்லை" என்று எழுதட்டும். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று அந்த மனிதர் மனதில் அன்றைக்குப் பதிந்துவிடும். பல கம்பெனிகளில் ஊழியர்கள் தங்களுக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைக்க வழி இருக்கிறது. இடம் காலியாகும்போது அவர் நினைவுக்கு வருவது இந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். பதிலே வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வாங்கிக்கொண்டே இருப்பதும் நன்றாக இராது. கருத்தரங்கில் கேட்ட ஒரு நல்ல விஷயம், சோதனை ஏன் தவறிப்போனது, எப்படிச் சரிசெய்தாள் என்று எப்போதாவது நாலு வரி போடட்டும். ஜூனியர் பிள்ளைகளுக்கு அது உதவும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வழிகாட்டியைக் கேட்காமல் ஆய்வக முடிவுகளையோ வரைபடங்களையோ போடக் கூடாது. இன்னும் வெளியாகாத ஆய்வை இப்படி வெளியே விட்டால் காப்புரிமை கேட்பதிலேயே சிக்கல் வரும், பேராசிரியரின் நம்பிக்கையும் போய்விடும்.

ஏமாற்று வேலைகளைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள், தமிழகப் பிள்ளைகள் உட்பட, மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். சமூக ஊடக விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. வெளிநாட்டு வேலை என்று யார் வந்தாலும், அந்த முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடுங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உள்நாட்டு வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எதைக் கேட்டாலும் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். நேர்காணலே இல்லாமல் வேலை ஆணை, வாட்ஸ்அப்புக்கு வா என்ற அவசரம், கம்பெனி பெயரில் இல்லாத மின்னஞ்சல் முகவரி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டம்.

இப்போது மாமா. "எங்கேயாவது சொல்லி வையப்பா" என்று கேட்காதீர்கள். அது அவருக்கும் சுமை, யாரிடம் என்ன சொல்வது என்றும் தெரியாது. பேட்டரி, வண்டி, ரசாயனக் கம்பெனி எதிலாவது தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிற ஒருவரைத் தெரியுமா, அவர் பெயர் என்ன என்று மட்டும் கேளுங்கள். கல்யாணத்துக்குக் கூடுகிற தாயபிள்ளைகளிடமும் இதையே கேட்கலாம். பெயர் கிடைத்ததும் மாமா அவருக்கு ஒரு வரி போட்டுச் சொல்லிவைக்கட்டும். அதன் பிறகு மகளே எழுத வேண்டும், முதல் வரியில் மாமா பெயர், இரண்டாவது வரியிலிருந்து அவளுடைய வேலை. எழுதியதை அனுப்பும் முன் உங்களிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேதியியல் புரியாவிட்டாலும், அவள் என்ன கேட்கிறாள் என்பது உங்களுக்குப் புரிந்தால் அந்தச் செய்தி அனுப்பத் தயார்.