பழைய ஆம்னி வேனின் செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் இந்த மோட்டாரைக் கழற்றப் பெரும்பாலும் இரண்டு போல்ட், இரண்டு ஒயர்தான். ஆனால் போனது மோட்டார்தானா என்று பார்க்காமல் புதுசு வாங்கிவிடாதீர்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் எல்லோரும் மோட்டாரைத்தான் குற்றம் சொல்வார்கள்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்து, 'டட டட' என்று சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) அல்லது கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) போயிருக்கலாம். மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினதும் வண்டி ஸ்டார்ட் ஆனால், பிரஷ் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் எஞ்சின் சுற்றாவிட்டால், எஞ்சினைச் சுற்ற வைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் கோளாறு.

பழைய வண்டியில் இன்னொன்றும் உண்டு: எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு எர்த் கேபிள் இருக்கும். அது துருப்பிடித்து அறுந்தால், அவ்வளவு கரண்டும் வேறு வழி தேடும். சில வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிளே சூடாகிப் புகையும். இதைச் சரிசெய்ய ஆகிற செலவு ஒரு கேபிளின் விலைதான்.

சரி, மோட்டார்தான் என்று உறுதியாகிவிட்டதா? எஞ்சின் ஆறட்டும். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகவே கூடாது. ஜாக்கியை நம்பிப் படுப்பது தற்கொலை. பேட்டரியின் மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளில் ஃபியூஸ் கிடையாது, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான்.

எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மேலேயும் கீழேயும் மாறி மாறிக் கையை விட வேண்டியிருக்கும். மோட்டார் எங்கே என்று தெரியாவிட்டால் அந்தத் தடித்த பிளஸ் கேபிளைப் பிடித்துக்கொண்டே போங்கள். மேல் போல்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊற விட்டு, எக்ஸ்டென்ஷன் போட்ட சாக்கெட்டால் திருப்புங்கள். கடைசி போல்ட் வரும்போது மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், பார்த்தால் சின்னதுதான், கனம் இருக்கும்.

கழற்றியதும் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பிரஷ், புஷ் (தண்டு சுற்றும் உலோக வளையம்) மாற்றினாலே பல மோட்டார்கள் பிழைத்துவிடும். என்னைக் கேட்டால், பெயர் தெரியாத மலிவுப் புது மோட்டாரைவிட ஒழுங்காகச் சரிசெய்த பழைய ஒரிஜினலே மேல். புதுசுதான் என்றால் பினியன் பற்களைப் பழையதோடு எண்ணிப் பாருங்கள்.

மாட்டும்போது உட்காரும் பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்; மோட்டாருக்கு எர்த் அந்த வழியாகத்தான். பெயின்ட், கிரீஸ் எதுவும் வேண்டாம். சொலினாய்டு நட்டை முறுக்கித் தள்ளினால் ஸ்டட் (நட் ஏறும் திருகுத் தண்டு) சுற்றிக்கொள்ளும், அளவாக இறுக்குங்கள்.

புதுசு போட்டும் 'கரகர' என்று அரைத்தால் ஃப்ளைவீல் ரிங் பல் (எஞ்சின் பக்கம் பினியன் வந்து கடிக்கும் பல்) தேய்ந்திருக்கலாம். அதற்கு கியர்பாக்ஸ் இறங்க வேண்டும், அது மெக்கானிக் வேலை.