ரெஃப்பைத் திட்டும் ஊருக்கு வந்திருக்கிறீர்கள்

தம்பி, நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டேரிக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, திங்கட்கிழமை ஆனால் அலுவலகமே ஃபுட்பால் ரெஃப்பை, அதாவது நடுவரை, திட்டுகிறது, "நோ கால்" என்று ஏதோ சொல்கிறார்கள், ரெஃப்கள் காசு வாங்குகிறார்களா, நான் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காசு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அந்த "நோ கால்" தெரியாமல் நியூ ஆர்லியன்ஸில் யாரிடமும் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான்) பேச முடியாது, அதனால் அது முதலில்.

2019 ஜனவரி 20. இங்குள்ள சூப்பர்டோம் மைதானத்தில் நம் ஊர் அணி செயின்ட்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கும் ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் பௌல், அதாவது இறுதிப் போட்டி. 20-20 என்று சமநிலை, இரண்டு நிமிடம்கூட மீதி இல்லை. நம் ட்ரூ பிரீஸ் வலது ஓரத்தில் ஓடும் டாமிலீ லூயிஸுக்குப் பந்தை வீசுகிறார். பந்து வந்து சேரும் முன்பே ராம்ஸின் நிக்கல் ரோபி-கோல்மன் பாய்ந்து வந்து லூயிஸை இடித்துத் தள்ளிவிட்டார். பந்து எங்கே வருகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பு நடந்தால் ரெஃப் மஞ்சள் துணியை வீச வேண்டும், அதுதான் ஃப்ளாக். யாரும் வீசவில்லை, அதுதான் அந்த "நோ கால்". வீசியிருந்தால் நேரத்தை ஓட்டிவிட்டுக் கடைசி நொடிகளில் ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அடித்துக் கிளம்பியிருக்கலாம். அது நடக்கவில்லை. நம்மவர்கள் உடனே உதைத்து மூன்று புள்ளி எடுத்தும் ராம்ஸுக்கு நேரம் மிச்சம் இருந்தது. சமன் செய்தார்கள், கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்தார்கள். இடித்தவரே முன்கூட்டிப் போய் இடித்ததை மறைக்கவில்லை. அந்த வருடச் சூப்பர் பௌல் அன்று ஊரில் பலர் டிவியையே போடாமல் தெருவில் இறங்கிக் கூத்தடித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை மறுநாள் முதல் பக்கத்தைக் கிட்டத்தட்ட வெறுமையாக விட்டது.

இதற்கு மேல்தான் வேடிக்கை. இந்தக் கூச்சலால் லீக் 2019 சீசனுக்கு மட்டும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் (சுருக்கமாக PI, பந்து காற்றில் வரும்போது எதிராளியை இடிப்பது, தள்ளுவது) வீடியோவில் பார்த்து மாற்றலாம் என்று விதி கொண்டுவந்தது. பெரும்பாலும் மைதானத்தில் சொன்னதையே உறுதி செய்தார்கள். 2020 ஜனவரியில் மினசோட்டாவுடன் பிளே-ஆஃப், இதே சூப்பர்டோம், கூடுதல் நேரம். கடைசிப் பந்தைப் பிடித்த மினசோட்டாவின் கைல் ருடால்ஃப், தன்னைக் காத்து நின்ற செயின்ட்ஸ் வீரரைக் கையால் தள்ளினார் என்று ஊரே அலறியது. அந்த டச்டவுன் (எல்லைக்குள் பந்தைப் பிடித்து எடுத்த புள்ளி) செல்லும் என்றார்கள், நாம் தோற்றோம். யாருக்காக விதி வந்ததோ அவர்களுக்கே உதவவில்லை. அடுத்த சீசனில் விதியையே எடுத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி மாறி மாறி என்றால், எழுதியிருக்கும் விதியே பாதி ரெஃப்பின் கணிப்பில்தான் நிற்கிறது. எதிராளியைப் பிடித்தான் என்பது தெரியும், அந்தப் பிடி ஆட்டத்தைக் கெடுத்ததா என்பதை ஏழு ரெஃப்கள் ஓடிக்கொண்டே ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பிடிக்கும் ஹோல்டிங்கைத் தேடினால் எல்லா ஆட்டத்திலும் எங்காவது கிடைக்கும் என்று இங்கே சொல்வார்கள். தண்டனையும் ஒரே சீராக இல்லை. தடுப்பாட்ட அணிக்காரர் பிடித்தால் 5 யார்டு, பந்து வரும்போது இடித்தால் இடித்த இடத்துக்கே பந்து போகும், அது 40 யார்டாகவும் இருக்கலாம். கிரிக்கெட்டில் "அம்பயர்ஸ் கால்" வந்தால் நாம் கத்துவோமே, அந்த எரிச்சல் இங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துத் தடவை.

இனி காசு. ஆட்டம் விலைபோனது என்று நான் நம்பவில்லை. கண்ணுக்கு எதிரே தப்பு, அதற்கு உடனே ஒரு தெளிவான பதில் இல்லை, அதுதான் ஆத்திரம். 2022இல் லூசியானாவில் கைபேசியில் பந்தயம் கட்டுவது சட்டப்படி தொடங்கியது, அதன் பிறகு சந்தேகப் பேச்சு கூடியிருக்கிறது. பணம் போட்டவன் ரெஃப்பை எப்படி நம்புவான்?

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். "அது PI-யா, இல்லையா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், அவர்களே கைபேசியில் வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போய்விடும். "விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம், சட்டை வாங்குவதானால் செயின்ட்ஸின் கறுப்பும் தங்க நிறமும். நம் பரம எதிரி அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியின் சட்டை பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.