வாஷிங்டன் கறுப்புச் சுவர்: கேட்டதும் சொன்னதும்

வியட்நாம் போரில் இறந்த, காணாமல் போன அமெரிக்கப் படையினருக்காக 1982 நவம்பரில் வாஷிங்டனில் திறந்த நினைவுச் சுவரைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அடுத்த மாதம் போகிறோம். மகனுடைய நண்பனின் தாத்தா பெயர் அங்கே இருக்கிறதாம். அகர வரிசையில் தேடலாமா?

பதில்: கிடைக்காது. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், இறந்த அல்லது காணாமல் போன தேதி வரிசையில் இருக்கின்றன. இரண்டு சுவர்கள் சேரும் நடு மூலையில் 1959-இல் தொடங்கி வலக்கோடி வரை போகும். அப்புறம் இடக்கோடியில் ஆரம்பித்து நடுவுக்கே திரும்பி 1975-இல் முடியும். அங்கேயே பெயர்ப் புத்தகம் இருக்கும். அதைப் பார்த்து, பெயர் இருக்கும் கல் பலகையின் எண், வரி எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்?

பதில்: ஸ்மித் என்றே நூற்றுக்கணக்கானோர் உண்டு. அகர வரிசையில் அடுக்கினால் டெலிபோன் டைரக்டரி ஆகிவிடும். தேதி வரிசையில் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகிறார்கள். அதில் தப்பியவர் வந்து நின்றால் அந்த நாள் முழுக்கக் கண்முன் இருக்கும். பதவி எதுவும் பொறிக்கவில்லை, வெறும் பெயர்தான். வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது யேல் பல்கலைக்கழக மாணவி. சுவர் தரைமட்டத்துக்குக் கீழே இறங்குவதால் 'பள்ளம்' என்று சிலர் திட்டினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த 1984-இல் பக்கத்தில் மூன்று வீரர் சிலையும் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அது தேவையே இல்லை.

கேள்வி: சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவை இருக்கிறதே, கிறிஸ்தவர்களா?

பதில்: இல்லை, அது கூட்டல் குறி மாதிரி, காணாமல் போனவர் என்று அர்த்தம். இறப்பு உறுதியானவருக்குச் சாய்சதுரம். காணாமல் போனவரின் எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால், அந்தக் குறியின் மேலேயே சாய்சதுரத்தைச் செதுக்கிவிடுவார்கள். உயிரோடு திரும்பினால் குறியைச் சுற்றி வட்டம் போடுவதாக ஏற்பாடு. அந்த வட்டத்துக்கு இதுவரை வேலை வரவில்லை.

கேள்வி: கல் நம்ம பக்கத்துக் கல்லாமே?

பதில்: ஆமாம், பெங்களூர் கிரானைட். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் அறுத்து, மெம்பிஸ் நகரத்தில் பெயர் பொறித்தார்கள். நன்றாக மெருகேற்றியிருப்பதால் பெயருக்குப் பின்னால் உங்கள் முகமே தெரியும்.

கேள்வி: பெயரைக் காகிதத்தில் எடுக்க விடுவார்களா?

பதில்: தாராளமாக. காகிதத்தை அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். சின்ன வயதில் காசின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். நடுவில் சுவர் பத்தடி உயரம். எட்டாவிட்டால் தன்னார்வலரிடம் சொல்லுங்கள், ஏணி கொண்டுவருவார்.